முதலில் நடந்தது எது? அப்பாச்சிப் போர்களைப் படமாக்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெஸ்டர்ன் படங்களை எழுதுகிறவர்களுக்கும், இயக்குகிறவர்களுக்கும், அவற்றுக்குப் பணம் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் வரலாற்று ஆய்வாளன் இல்லை. அரிசோனாவை நேரில் பார்த்ததும் இல்லை. சிவகாசியில் அச்சாகி வந்த டெக்ஸ் வில்லர் காமிக்ஸில் 'அப்பாச்சி' என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் பெயரை முதன்முதலாகப் படித்து, அப்புறம் டிவியிலும் டிவிடியிலும் உங்கள் படங்களைத் தேடிப் பிடித்துப் பார்த்து வளர்ந்த தமிழ் ரசிகன். குதிரைகள் கிளப்பும் புழுதி, கணவாயில் மாட்டிக்கொண்ட வண்டி, மலை விளிம்பில் வரிசையாகத் தோன்றும் உருவங்கள். பள்ளிக்கூட வயதில் அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அந்த உருவங்களுக்குப் பெயர் உண்டா, எதற்காக அங்கே வந்து நிற்கிறார்கள் என்று கேட்கவும் தோன்றவில்லை.

பின்னாளில் அந்த வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோது ஒரு நீள நோட்டு போட்டேன். இடது பக்கத்தில் உண்மையில் நடந்தது, ஆண்டோடு. வலது பக்கத்தில் அதே சம்பவம் எந்தப் படத்தில், எந்தக் காலத்தில் நடப்பதாக வருகிறது என்பது. சும்மா ஓர் ஆர்வத்தில் தொடங்கியதுதான். சில தாள்கள் தாண்டியதும், இரண்டு பக்கமும் இரண்டு வேறு கதைகளைச் சொல்கின்றன என்று தெரிந்தது. அதைப் பற்றி உங்களிடம் பேசத்தான் இந்த மடல்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மணி நேரப் படத்துக்குள், அமெரிக்க ராணுவத்தோடு அப்பாச்சிகள் நடத்திய இருபத்தைந்து வருடப் போரை அப்படியே வைக்க முடியாது என்பது எனக்குப் புரியும். மூன்று அதிகாரிகளை ஒருவராக்குவீர்கள், ஆறு மாதத்தை ஒரு வாரமாகச் சுருக்குவீர்கள். அது உங்கள் தொழில். 1880இல் நடக்கும் கதையில் 1892ஆம் ஆண்டு மாடல் வின்செஸ்டர் துப்பாக்கி வந்துவிட்டால் அதைத் துப்பாக்கி தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அது பெரிய விஷயமில்லை. என் கவலையெல்லாம் வரிசையைப் பற்றியது. எது முதலில் நடந்தது, எது அதற்குப் பதிலடியாக நடந்தது என்பதைப் பற்றியது. அப்பாச்சிப் போர்களில் பழி யார் தலையில் விழுகிறது என்பதை அந்த வரிசைதான் முடிவு செய்கிறது. அதை மாற்றினால் பழியும் கூடவே இடம் மாறிவிடுகிறது.

1861ஐ எடுத்துக்கொள்வோம். ஜனவரி கடைசியில் ஜான் வார்ட் என்ற பண்ணைக்காரரின் வளர்ப்பு மகனை அப்பாச்சிகள் தூக்கிக்கொண்டு போனார்கள். பையனைத் தேடி லெப்டினன்ட் ஜார்ஜ் பாஸ்கம் ஐம்பது சொச்சம் வீரர்களோடு அப்பாச்சிக் கணவாய்க்கு வந்தார். சிரிகாவா அப்பாச்சிகளின் தலைவரான கோச்சீஸ் அவரைப் பார்க்க வந்தபோது தன் சகோதரர், மனைவி, குழந்தை, உறவுப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார். சண்டை போட வருகிறவர் குடும்பத்தோடு வரமாட்டார். பையனை எடுத்தது தன் ஆட்கள் இல்லை, வேறொரு கூட்டம், விசாரித்து மீட்டுத் தருகிறேன் என்றார். அது உண்மையும்கூட. பாஸ்கம் நம்பவில்லை, பையன் வரும்வரை நீங்கள் எங்கள் பிடியில் என்றார். கோச்சீஸ் கத்தியால் கூடாரத் துணியைக் கிழித்துக்கொண்டு தப்பினார். குடும்பம் உள்ளே மாட்டிக்கொண்டது. அவர் சில வெள்ளையரைப் பிடித்து, ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. பிடித்தவர்களைக் கொன்றார். பிப்ரவரியில் ராணுவம் அவருடைய சகோதரரையும் உறவுப் பிள்ளைகள் இருவரையும் வேறு மூன்று அப்பாச்சிகளையும் தூக்கில் போட்டது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1862 ஜூலையில், அதே கணவாயில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த படையோடு பெரிய சண்டை. ராணுவம் பீரங்கி வைத்துச் சுட்டது. கோச்சீஸின் மாமனார் மங்காஸ் கொலராடாஸ் அதில் காயப்பட்டார். 1863 ஜனவரியில் சமாதானம் பேசலாம் என்று வெள்ளைக்கொடி காட்டிக் கூப்பிட்டார்கள். நம்பிப் போன அந்த வயதான மனிதரைப் பிடித்து, அன்றிரவே காவலில் வைத்துக் கொன்றார்கள். தலையை வெட்டி, கொதிக்கவைத்து, மண்டை ஓட்டைக் கிழக்கே அனுப்பினார்கள்.

கூடாரம், தூக்குமரம், பீரங்கி, வெள்ளைக்கொடி. இந்த நான்கும் இந்த வரிசையில் வந்தால்தான் அடுத்த பத்து வருடம் கோச்சீஸ் ஏன் அப்படிப் போரிட்டார் என்று புரியும். 1952இல் வந்த 'பேட்டில் அட் அப்பாச்சி பாஸ்' 1861ஐயும் 1862ஐயும் ஒரே கதையாகக் குழைத்துவிட்டு, நடுவில் ஜெரோனிமோ என்ற இன்னொரு அப்பாச்சியைக் கெட்டவராகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த ஆண்டுகளில் ஜெரோனிமோ வெளியுலகத்துக்குப் பெயர் தெரியாத ஒரு போர்வீரர். நல்ல தலைவர் ஒருவர், கெட்டவர் ஒருவர் என்ற கணக்கு திரைக்கதைக்கு வசதியாக இருந்திருக்கும். அந்த வசதிக்காக ஓர் அதிகாரி செய்த பிழையின் பாரத்தில் பாதி ஒரு அப்பாச்சியின் தோளுக்குப் போய்விட்டது.

நல்ல படங்களிலும் இது நடக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம். 1950இல் டெல்மர் டேவ்ஸ் எடுத்த 'புரோக்கன் ஏரோ'வை நான் நேசிக்கிறேன். அப்பாச்சிகளை மனிதர்களாகக் காட்டியே தீருவேன் என்று அந்தக் காலத்தில் உட்கார்ந்து எடுத்த படம். கோச்சீஸும் டாம் ஜெஃபோர்ட்ஸ் என்ற வெள்ளையரும் நண்பர்களானது உண்மை. 1872 அக்டோபரில் ஜெனரல் ஹோவர்ட் வந்து சமாதானம் பேசியது உண்மை. ஜெஃபோர்ட்ஸுக்கு மணமுடித்து வைக்கும் அப்பாச்சிப் பெண் கற்பனை. பரவாயில்லை, சினிமாவுக்குக் காதல் வேண்டும்.

ஆனால் அந்தக் கதை 1870இல் தொடங்கி 1872இல் முடிகிறது. நடுவில் 1871 இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 30, விடிகிற நேரம். டூசானுக்கு வடகிழக்கே அரவைப்பா ஓடைக்கரை. எஸ்கிமின்சின் என்ற தலைவரின் மக்கள் கேம்ப் கிராண்ட் ராணுவ முகாமுக்குப் பக்கத்தில், லெப்டினன்ட் ராயல் விட்மனின் அனுமதியோடு குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். முகாமின் குதிரைகளுக்குப் புல் அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ராணுவமே பாதுகாப்பு தந்திருக்கிறது என்று நம்பித் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் டூசானிலிருந்து புறப்பட்டு வந்த ஒரு கூட்டம் விழுந்தது. அதில் வெள்ளையர் ஆறு பேர், மெக்சிக வம்சாவளியினர் ஐம்பது பேருக்குக் கொஞ்சம் குறைவு, மற்றவர்கள் அப்பாச்சிகளோடு நெடுநாள் பகை கொண்ட ஓஓதாம் பழங்குடியினர். ஆண்கள் பெரும்பாலும் வேட்டைக்குப் போயிருந்தார்கள். கொல்லப்பட்டவர்கள் 140 பேருக்கும் மேல் என்பதுதான் அதிகம் சொல்லப்படும் கணக்கு. கிட்டத்தட்ட எல்லோரும் பெண்களும் குழந்தைகளும். முப்பது குழந்தைகள் வரை பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். டிசம்பரில் வழக்கு நடந்தது. ஜூரி கலந்து பேசிய நேரம் 19 நிமிடம். குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் விடுதலை.

நான் பார்த்த எந்த வெஸ்டர்ன் படத்திலும் இந்த ஓடைக்கரை வரவில்லை. ஆனால் இது இல்லாமல் ஹோவர்ட் இல்லை. இந்தப் படுகொலையின் அதிர்ச்சியில்தான் ஜனாதிபதி கிராண்ட் அரிசோனாவுக்குச் சமாதானத் தூதர்களை அனுப்பினார். முதலில் ஒருவர் வந்தார், அடுத்த ஆண்டு ஹோவர்ட் வந்தார். படத்தில் அவர் நல்ல மனம் கொண்ட ஒரு கிறிஸ்தவ ஜெனரலாக, தானாகவே வானத்திலிருந்து இறங்கியதுபோல வருகிறார். காரணத்தை எடுத்துவிட்டு விளைவை மட்டும் வைத்ததால், சமாதானம் என்பது வெள்ளையரின் பெருந்தன்மையாகத் தெரிகிறது.

அதே படத்தில் இன்னொன்று. சமாதானத்தை ஏற்காமல் ஜெரோனிமோ ஆட்களோடு விலகிப் போகிறார். உண்மையில் 1872இல் அவர் விலகிப் போகவில்லை. அந்தச் சமாதானத்தை ஏற்றுக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். கடைசிக் காலத்தில் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லி எழுதவைத்தபோதும் ஹோவர்டைப் பற்றி நல்லவிதமாகவே சொன்னார். பிறகு யார் மீறினார்கள்? 1874 ஜூன் 8 அன்று கோச்சீஸ் தன் மலையில் நோயில் இறந்தார். 1876இல் அமெரிக்க அரசு, அந்தச் சமாதானத்தில் தந்த ஒதுக்கு நிலத்தையே மூடி, அவருடைய மக்களைச் சூடும் நோயும் நிறைந்த சான் கார்லோஸ் ஒதுக்கு நிலத்துக்குப் போகச் சொன்னது. ஜெரோனிமோ மெக்சிகோப் பக்கம் ஓடியது அப்போதுதான். நான்கே வருட வித்தியாசம். ஆனால் 1872இல் அவர் போனார் என்று காட்டினால் வாக்கை மீறியவர் அவர். 1876இல் போனார் என்று காட்டினால் வாக்கை மீறியது வாஷிங்டன்.

ஜான் ஃபோர்டின் 'ஃபோர்ட் அப்பாச்சி' (1948) பற்றியும் சொல்ல வேண்டும். ஊழல் செய்யும் அரசு முகவரையும், ஆணவத்தால் படையைச் சாகக் கொடுக்கும் அதிகாரியையும் அவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய படம் என்பதால் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் அதன் கடைசிச் சண்டை, 1876 ஜூனில் மொன்டானாவில் லகோட்டா, ஷெயென் பழங்குடியினர் ராணுவ அதிகாரி கஸ்டரின் படையை அழித்த சண்டையின் சாயல். அதைத் தூக்கி அரிசோனாவில் வைத்து, கோச்சீஸின் பெயரை மாட்டியிருக்கிறார்கள். கஸ்டர் செத்தபோது கோச்சீஸ் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு ரெஜிமென்டைத் திறந்த வெளியில் நிர்மூலமாக்கியதும் இல்லை. சின்னக் குழுவாகப் பாறைக்குள் பதுங்கி, அடித்துவிட்டு மலையேறி மறைவதுதான் அப்பாச்சிகளின் போர்முறை. ஆள் எண்ணிக்கை குறைவானவர்களுக்கு அதுதான் வழி. சமாதானம் செய்துகொண்டு, அதைக் காப்பாற்றி, படுக்கையில் இறந்த ஒரு தலைவரைப் பற்றி உலகம் முழுக்க ஒரு தலைமுறைக்கு நினைவில் நின்றது, அவர் செய்யாத ஒரு படுகொலை.

படம் எடுத்த இடமும் அப்படித்தான். மான்யுமென்ட் வேலி நவஹோக்களின் மண். கோச்சீஸின் டிரகூன் மலைகள் அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே. அந்தச் சிவப்புப் பாறைகளின் அழகு எனக்கும் பிடிக்கும். இருந்தாலும் ஓக் மரங்களும் சுனைகளும் நிறைந்த தெற்கு மலைகளைப் பார்த்தால்தான் அந்த மக்கள் ஏன் அந்த மண்ணை விட மறுத்தார்கள் என்று விளங்கும். அதேபோல சிரிகாவாக்கள் பெரும்பாலும் வசித்தது மரக்கிளைகளை வளைத்துக் கட்டிப் புல் வேய்ந்த குடிசைகளில். சமவெளி மக்களின் தோல் கூடாரத்தையும் நீண்ட இறகுக் கிரீடத்தையும் அவர்கள் தலையில் ஏற்ற வேண்டாம்.

1939இன் 'ஸ்டேஜ்கோச்'சில் படம் முழுக்க பயமுறுத்தும் பெயர் ஜெரோனிமோ. கதைக்காலம் 1880 என்பார்கள். அந்த ஆண்டு ஜெரோனிமோ சான் கார்லோஸில் அமைதியாக இருந்தார். எல்லையின் இரு பக்கமும் படைகளை அலையவிட்டவர் விக்டோரியோ என்ற இன்னொரு அப்பாச்சித் தலைவர். அவரை அந்த அக்டோபரில் மெக்சிகோவின் ட்ரெஸ் காஸ்தியோஸ் குன்றுகளில் மெக்சிகப் படை சுற்றி வளைத்துக் கொன்றது; பெண்களும் குழந்தைகளும் ஏராளமாகச் செத்தார்கள், மிஞ்சியவர்கள் அடிமைகளாகப் போனார்கள். விக்டோரியோவின் தங்கை லோசன், ஆண்களுக்குச் சமமாகப் போரிட்டவர். இப்படி ஒரு அண்ணன் தங்கை கதை கையில் இருக்கும்போது, எல்லாவற்றுக்கும் ஜெரோனிமோ என்ற ஒரே பெயரை ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கோச்சீஸின் மூத்த மகன் டாசாவைப் பற்றி 1954இல் ஒரு படம் வந்தது. ராக் ஹட்சன்தான் டாசா. ஜெரோனிமோவை எதிர்த்துச் சண்டையெல்லாம் போடுவார். நிஜ டாசா 1876இல் முகவர் ஜான் கிளம்மோடு கிழக்கே பயணம் போனார். வழியில் செயின்ட் லூயிஸில் அவர்களை மேடையேற்றி, காசு கொடுத்து வந்தவர்களுக்கு 'காட்டு அப்பாச்சிகள்' நிகழ்ச்சி நடத்திக் காட்டினார்கள். வாஷிங்டனில் டாசா நிமோனியா வந்து இறந்தார். அங்கேயே புதைத்தார்கள். தந்தையின் வாக்கைக் காப்பாற்ற முயன்ற ஓர் இளைஞன், முன்பின் தெரியாத ஊரில் செத்த கதை அது. அதை யாராவது எடுங்களேன்.

இனி 1993இன் 'ஜெரோனிமோ: ஆன் அமெரிக்கன் லெஜண்ட்'. வால்டர் ஹில் அக்கறையோடு எடுத்த படம். வெஸ் ஸ்டூடி என்ற செரோக்கி நடிகர் ஜெரோனிமோவாக நடித்தது பெரிய முன்னேற்றம். 1962இல் அதே வேடத்தைப் போட்டவர் நீலக்கண் சக் கானர்ஸ் என்பதை நினைத்துப் பார்த்தால் தெரியும். இந்தப் படத்தில் ராணுவம் ஒரு அப்பாச்சித் தீர்க்கதரிசியைக் கைது செய்யப் போய்க் கொன்றுவிடுகிறது. அதைப் பார்த்துத்தான் ஜெரோனிமோ ஒதுக்கு நிலத்திலிருந்து கடைசி முறையாக வெளியேறுகிறார். அந்தக் கொலை உண்மை. சிபெக்யூ ஓடையில், 1881 ஆகஸ்ட் 30 அன்று நடந்தது. அதனால் எழுந்த பீதியில் ஹூ என்ற தலைவர், ஜெரோனிமோ, கோச்சீஸின் இளைய மகன் நைச்சே ஆகியோர் செப்டம்பர் கடைசியில் வெளியேறினார்கள். ஆனால் 1883இல் ஜெனரல் க்ரூக் மெக்சிகோ மலைகளுக்கே போய்ப் பேசி, அவர்களைத் திரும்பி வரச் சம்மதிக்கவைத்தார். ஜெரோனிமோ கடைசியாகக் கிளம்பியது 1885 மே 17. படம் இரண்டு வெளியேற்றங்களையும் ஒன்றாக்கிவிட்டது.

இந்த முறை மாற்றம் அப்பாச்சிகளுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது எனக்கு வேண்டாம். ஏனென்றால் 1885இல் நடந்தது அதைவிடச் சிக்கலானது, அதைவிட மனதைப் பிசைவது. சோளத்தில் காய்ச்சும் 'டிஸ்வின்' சாராயத்தை ராணுவம் தடை செய்திருந்தது. குடும்பச் சண்டைகளிலும் தலையிட்டது. தலைவர்கள் எல்லோரும் கூடிக் குடித்துவிட்டு, எங்கள் எல்லோரையும் ஜெயிலில் போடுவீர்களா பார்க்கலாம் என்று இளம் லெப்டினன்ட் பிரிட்டன் டேவிஸின் முன்னால் வந்து நின்றார்கள். அவர் க்ரூக்குக்குப் போய்ச் சேர வேண்டிய தந்தியைச் சான் கார்லோஸுக்கு அனுப்பினார். அங்கே புதிதாக வந்திருந்த கேப்டன், ராணுவத்துக்காகத் தடம் பார்த்து வழிகாட்டும் ஸ்கவுட்டுகளின் அனுபவசாலியான தலைவர் ஆல் சீபரிடம் அதைக் காட்டி யோசனை கேட்டார். குடித்துவிட்டுச் செய்யும் கலாட்டாதான், டேவிஸ் பார்த்துக்கொள்வார் என்று சீபர் சொன்னதாக டேவிஸ் பின்னாளில் எழுதினார். தந்தி க்ரூக்குக்குப் போகவே இல்லை. பதில் வராத இரண்டு நாளில் சந்தேகம் முற்றி, கைது செய்யப் போகிறார்கள் என்ற வதந்தி பரவி, ஜெரோனிமோவும் நைச்சேயும் கிளம்பிவிட்டார்கள்.

அந்த முகாமில் டேவிஸின் மொழிபெயர்ப்பாளர் யார் தெரியுமா? மிக்கி ஃப்ரீ. 1861இல் தூக்கிக்கொண்டு போகப்பட்ட அதே பையன். எவனுடைய பெயரால் கோச்சீஸின் சகோதரர் தூக்கிலேறினாரோ, அவன் அப்பாச்சிகளிடையே வளர்ந்து, ராணுவத்தின் நாக்காகி, 24 வருடம் கழித்து ஜெரோனிமோ துளியும் நம்பாத ஆளாக அங்கே நிற்கிறான். வருடங்களைச் சரியாக வைத்தாலே போதும், எந்தத் திரைக்கதையாசிரியரும் கற்பனை செய்ய முடியாத முடிச்சு தானாக விழுகிறது.

படத்தில் சீபர் சண்டையில் குண்டடிபட்டுச் சாகிறார். நிஜத்தில் அவர் 1907 வரை வாழ்ந்தார். ரூஸ்வெல்ட் அணைக்கான வேலையில் அப்பாச்சித் தொழிலாளிகளை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தபோது பாறை உருண்டு இறந்தார். டேவிஸ் படத்தின் கடைசிவரை இருந்து மனம் வெறுத்து ராஜினாமா செய்கிறார். நிஜத்தில் 1885இலேயே வேலையை விட்டுவிட்டார். இதெல்லாம் சின்னது. பெரியது என்னவென்றால், 1885இல் ஜெரோனிமோவோடு போனவர்கள் சிரிகாவாக்களில் சிறுபான்மை. பெரும்பாலோர் போகவில்லை. விதை போட்டிருக்கிறோம், இருந்து பார்க்கிறோம் என்று தங்கிவிட்டார்கள். அவர்களில் பலர் ராணுவத்தின் ஸ்கவுட்டுகளாகச் சேர்ந்து, தங்கள் சொந்தக்காரர்களையே தேடி மலையேறினார்கள். படுகொலையைப் பார்த்து எல்லோரும் கொதித்தெழுந்ததாகக் காட்டிவிட்டால் இந்தப் பிளவு மறைந்துவிடுகிறது. பிளவு மறைந்தால், அடுத்து அவர்களுக்கு நடந்த அநியாயத்தின் முழு அளவும் தெரியாது.

1972இன் 'உல்சானாஸ் ரெய்ட்' இந்தப் பிளவை ஓரளவு தொட்டது. அதில் வரும் அப்பாச்சி ஸ்கவுட்டின் மௌனத்தை என்னால் மறக்க முடியாது. ஆனால் அங்கேயும் உல்சானா கடைசியில் கொல்லப்படுகிறார். நிஜ உல்சானா 1885 நவம்பர், டிசம்பரில் பத்துப் பன்னிரண்டு பேரோடு இரண்டாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றி, முப்பத்தெட்டுப் பேரைக் கொன்று, ஒரே ஒரு ஆளை மட்டும் இழந்து மெக்சிகோவுக்குத் திரும்பிவிட்டார். அதில் இறந்தவர்களும் குடும்பங்கள் உள்ள மனிதர்கள். அதையும் மறைக்காமல் காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். உல்சானா அடுத்த வருடம் சரணடைந்து போர்க்கைதியாகப் போனார். திரையில் குற்றத்துக்குத் தண்டனை உடனே கிடைக்க வேண்டும் என்ற பழைய பழக்கம் அவருக்கு ஒரு சாவை எழுதிவிட்டது.

மெக்சிகோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் படங்கள் பெரும்பாலும் 1860க்குப் பிறகு, எல்லைக்கு வடக்கே தொடங்குகின்றன. தெற்கு அரிசோனா 1854 வரை மெக்சிகோவின் கையில் இருந்தது. 1830களிலேயே சொனோராவும் சிவாவாவும் அப்பாச்சித் தலைமுடித் தோலுக்கு விலை வைத்து வாங்கின. ஜெரோனிமோ தன் தாயையும் மனைவி அலோபேயையும் மூன்று குழந்தைகளையும் ஒரே நாளில் இழந்தது ஹானோஸ் ஊருக்கு வெளியே, மெக்சிகப் படையிடம். அவர் சொன்ன ஆண்டு 1858. மெக்சிக ஆவணங்களை வைத்து 1851 மார்ச் என்று கொள்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். பாருங்கள், அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய துயரத்துக்கே தேதி உறுதியாக இல்லை. அதனால்தான் நாள் கிழமை பிசகாமல் எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த நாள் முதலில் வருகிறது, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வருகிறது என்பதை மட்டும் காப்பாற்றுங்கள்.

சரி, கடைசியாக முடிவுக்கு வருகிறேன். 1886 செப்டம்பர் 4, ஸ்கெலிடன் பள்ளத்தாக்கு. நைச்சேயும் ஜெரோனிமோவும் ஜெனரல் நெல்சன் மைல்ஸிடம் சரணடைகிறார்கள். சண்டையிடும் ஆண்கள் இருபது பேர்கூட இல்லாத அந்தக் குழுவைத் தேட ஐயாயிரம் அமெரிக்க வீரர்கள் இறங்கியிருந்தார்கள். பிடித்தது அந்த ஐயாயிரம் பேர் இல்லை. மார்டீன், கயீட்டா என்ற இரண்டு சிரிகாவா ஸ்கவுட்டுகள் முன்னால் போய்ப் பேசி, பின்னாலேயே லெப்டினன்ட் கேட்வுட் போனதால் வந்த முடிவு. இங்கே உங்கள் படங்கள் ரயிலைக் காட்டி, இசையை ஏற்றி முடித்துவிடுகின்றன. 1993இன் படம் ஸ்கவுட்டுகளையும் கைது செய்து அனுப்பியதைக் காட்டியது, அதற்கு நன்றி. ஆனால் அதற்கு மேல் போகவில்லை.

அந்த ரயிலுக்குப் பின்னால் 27 வருடம் இருக்கிறது. சண்டைக்கே போகாமல் ஒதுக்கு நிலத்தில் பயிர் வைத்துக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கானவர்களையும் சேர்த்து ஃபுளோரிடாவுக்கு அனுப்பினார்கள். மார்டீனும் கயீட்டாவும் அதே கைதிகள். சாட்டோ என்ற ஸ்கவுட்டை வாஷிங்டனுக்கு அழைத்துப் பதக்கம் கொடுத்து, திரும்பும் வழியிலேயே கைதியாக்கினார்கள். குடும்பங்களோடு சேர்த்து வைப்பதாகச் சொல்லிவிட்டு ஆண்களை ஒரு கோட்டையிலும் மனைவி மக்களை வேறொரு கோட்டையிலும் அடைத்தார்கள். பிள்ளைகளைப் பிரித்துப் பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளிக்கு அனுப்பினார்கள். பலர் காசநோயோடு திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. லோசன் அலபாமாவில் காசநோயில் இறந்தார். 1894இல் எல்லோரையும் ஒக்லஹோமாவின் ஃபோர்ட் சில்லுக்கு மாற்றினார்கள். 1909 பிப்ரவரியில் ஜெரோனிமோ இறந்தபோதும் அவர் போர்க்கைதி. சிறையிலேயே பிறந்த குழந்தைக்கும் போர்க்கைதி என்றே பெயர். 1913இல்தான் விடுதலை. அப்போதும் அரிசோனாவுக்குத் திரும்ப விடவில்லை. பெரும்பாலோர் நியூ மெக்சிகோவின் மெஸ்கலேரோ மக்களோடு சேர்ந்தார்கள், மற்றவர்கள் ஒக்லஹோமாவிலேயே தங்கினார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று உங்கள் படங்களைப் பார்க்கிறார்கள்.

சினிமாவில் சொல்வது சினிமாவோடு போகாது. 1939இல் வந்த ஒரு ஜெரோனிமோ படத்தைப் பார்த்துவிட்டு வந்த பாராசூட் வீரர் ஒருவர், 1940இல் விமானத்திலிருந்து குதிக்கும்போது அந்தப் பெயரைக் கத்தினார் என்றும், அதிலிருந்துதான் அந்தக் கூச்சல் பழக்கமானது என்றும் சொல்வார்கள். 2011இல் பின் லேடனைக் கொன்ற நடவடிக்கையில் அந்தப் பெயரைச் சங்கேதச் சொல்லாக வைத்தார்கள். அப்பாச்சி மக்கள் எவ்வளவு வேதனைப்பட்டார்கள் என்பதை அப்போது செய்திகளில் படித்தேன்.

அடுத்த படத்துக்குக் கதை எழுத உட்காரும்போது, முதல் காட்சியிலேயே ஆண்டைப் போடுங்கள். 'அப்பாச்சி' என்று மொட்டையாகச் சொல்லாமல் யார் என்று சொல்லுங்கள்: சிரிகாவாவா, வெள்ளைமலை அப்பாச்சியா, மெஸ்கலேரோவா. அவர்கள் ஒரே படை இல்லை, ஒரே அரசும் இல்லை. தங்களை 'இன்டே', அதாவது மக்கள், என்று அழைத்துக்கொள்பவர்கள். படப்பிடிப்புக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் அவர்களைத் தேடிப் போகாதீர்கள். கதை உருவாகும்போதே அவர்களுடைய வரலாறு அறிந்த பெரியவர்களை அழைத்து உட்காரவையுங்கள், அவர்கள் வேண்டாம் என்பதை வெட்டுங்கள். இரண்டு சம்பவங்களை ஒன்றாக்க வேண்டிய கட்டாயம் வந்தால் ஆக்குங்கள். படம் முடியும்போது, இது 1881இல் நடந்தது, அது 1885இல் நடந்தது என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். அதற்கு ஆகும் செலவு அரை நிமிடம்.

என் நோட்டில் 1886க்கு அப்புறம் பதினோரு தாள் இருக்கிறது. ஃபோர்ட் மேரியன், ஃபோர்ட் பிக்கன்ஸ், மவுண்ட் வெர்னன், கார்லைல், ஃபோர்ட் சில் என்று இடது பக்கம் எல்லாம் நிரம்பிவிட்டது. வலது பக்கத்தில் எழுத எனக்கு ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. எடுப்பீர்கள் என்று நம்பி அந்தப் பக்கங்களைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் படங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு தமிழ் ரசிகன்